சிங்கப்பூர் கார் நிறுத்த மேல்தளத்திலிருந்து ஓரியன், கரீனா நெபுலாக்கள்: மவுண்ட் சாய்வு, ஈரம், ஃபில்டர்

#1 செங்காங் மேல்தளம்

வணக்கம். விண்மீன் பிறக்கும் நெபுலா ஒன்றை இங்கிருந்தே படமெடுப்பது பற்றிச் சில குறிப்பான கேள்விகள்.

கருவிகள்: 72 மி.மீ. ரிஃப்ராக்டர் (லென்ஸ் தொலைநோக்கி), குவியத்தூரம் 432 மி.மீ., அதைக் குறைக்கும் 0.8 ரிட்யூசர். 533 மாடல் சென்சர் உள்ள குளிரூட்டும் கலர் கேமரா. ஜெர்மன் பாணி ஈக்குவடோரியல் மவுண்ட், அதாவது பூமியின் அச்சுக்கு இணையான அச்சில் விண்மீன்களைத் தொடரும் தாங்கி. 7 நானோமீட்டர் இரட்டைப் பட்டை ஃபில்டர் (இரண்டு குறுகிய நிறப்பட்டைகளை மட்டும் விடுவது). இடம் பலமாடிக் கார் நிறுத்தத்தின் மேல்தளம். தெற்கும் மேற்கும் திறந்திருக்கிறது, வடக்கே அடுக்குமாடி புளோக் மறைக்கிறது.

1. மவுண்டின் உயரத் திருகு 10 பாகைக்குக் கீழே இறங்கவில்லை. சிங்கப்பூரின் அட்சரேகை 1.35 பாகை. எதிர் எடைத் தண்டும் முக்காலியின் காலில் இடிக்கிறது.
2. துருவ விண்மீனே தெரியாத இடத்தில் போலார் அலைன்மென்ட் (மவுண்டின் அச்சை வானத் துருவத்தை நோக்கி வைப்பது) எப்படி?
3. 40 நிமிடத்தில் விண்மீன்களைச் சுற்றி ஒளிவட்டம் வந்துவிடுகிறது. ஃபோகஸ் மாறியதா, ஈரமா?
4. ஒரு சப் (பிறகு ஒன்றாகச் சேர்க்கும் படங்களில் ஒன்று) எத்தனை விநாடி? மொத்தம் எத்தனை மணி நேரம்?
5. எந்த மாதம் எந்த நெபுலா?

#2 கோணமானி

முதல் இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். இங்கே பலர் வெளிச்சத்தைத்தான் முதல் எதிரி என்று நினைக்கிறார்கள். நெபுலாவைப் பொறுத்தவரை வெளிச்சத்துக்கு ஃபில்டர் இருக்கிறது. அட்சரேகைக்கும் ஈரத்துக்கும் அப்படி மாட்டிவிட்டு மறக்கும் தீர்வு கிடையாது, கையால்தான் சரிசெய்ய வேண்டும்.

இங்கே மவுண்டின் துருவ அச்சு ஏறக்குறைய படுத்திருக்க வேண்டும், வடக்கு அடிவானத்துக்கு 1.35 பாகை மேலே. 10 பாகையில் முட்டி நிற்கும் மவுண்டை இன்னும் 8.65 பாகை வடக்கே சாய்க்க முக்காலியையே சாய்ப்பதுதான் எளிய வழி.

முதலில் முக்காலியைத் திருப்பி வையுங்கள். கையேடுகள் ஒரு காலை வடக்கே வைக்கச் சொல்லும். நீங்கள் ஒரு காலைத் தெற்கேயும் இரண்டு கால்களை வடக்கேயும் வைக்க வேண்டும். அப்போதுதான் எதிர் எடைத் தண்டு இரண்டு கால்களுக்கு நடுவே இறங்கும், இடிக்காது. தலைக்கும் முக்காலிக்கும் நடுவே ஒரு நீட்டிப்புக் குழாய் போட்டால் இன்னும் நல்லது.

பிறகு தெற்குக் காலை உயர்த்துங்கள். எவ்வளவு என்பதற்குக் கணக்கு இருக்கிறது. மூன்று பாதங்களும் மையத்திலிருந்து 45 செ.மீ. தூரத்தில் இருந்தால், தெற்குப் பாதத்திலிருந்து வடக்குப் பாதங்களை இணைக்கும் கோட்டுக்கு 67.5 செ.மீ. அதில் 8.65 பாகைக்கு 10 செ.மீ.க்குச் சற்று மேல் வரும். தெற்குப் பாதத்தின் கீழே கனமான ரப்பர் கட்டை கொடுக்கலாம், அல்லது அந்தக் காலை நீட்டலாம்.

இதில் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது, தயவுசெய்து கவனியுங்கள். தலை தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருந்தால், இந்தச் சாய்வு அதை வடக்கே 15 செ.மீ. தள்ளும். துருவ அச்சு படுத்திருப்பதால் தொலைநோக்கியும் எதிர் எடையும் அதற்கு முன்னால் இன்னும் 10 செ.மீ.க்கு மேல் தொங்கும். வடக்குப் பாதங்களின் கோடு மையத்திலிருந்து 22.5 செ.மீ. மட்டுமே. எடை அந்தக் கோட்டைத் தாண்டினால் மொத்தமும் முன்பக்கம் கவிழும். ஆகவே கால்களை முழுக்கச் சுருக்கித் தாழ்வாக வையுங்கள், இயன்றவரை அகல விரியுங்கள். பாதத்தூரம் மாறினால் உயர்த்த வேண்டிய அளவும் மாறும். தெற்குக் காலில் 5 லிட்டர் தண்ணீர்க் கேன் இரண்டைத் தரையோடு ஒட்டிக் கட்டுங்கள். அதற்குப் பிறகுதான் தொலைநோக்கியை மாட்ட வேண்டும்.

போலார் அலைன்மென்டுக்குத் துருவம் தெரிய வேண்டியதில்லை. கேமராவையும் மவுண்டையும் இயக்கும் நினா மென்பொருளில் மூன்று புள்ளி முறை இருக்கிறது. வானத்தின் எந்தப் பகுதியிலும் மூன்று படம் எடுத்து, பிளேட் சால்விங் (படத்திலுள்ள விண்மீன்களை வைத்து வானில் இடத்தைக் கணிப்பது) செய்து, அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று சொல்லிவிடும். புளோக் மறைப்பதால் மேற்கே 50, 60 பாகை உயரத்தில் தொடங்குங்கள். முக்காலி சாய்ந்திருப்பதால் இடவலமாக நகர்த்தும் கிடைத்திருகைத் திருப்பினால் உயரமும் கொஞ்சம் மாறும். ஒரே சுற்றில் முடியாது, மூன்று நான்கு முறை மாறி மாறித் திருப்பி 2 வில்நிமிடத்துக்குள் (ஒரு பாகைக்கு 60 வில்நிமிடம்) கொண்டுவாருங்கள். நீர்மட்டம் நடுவில் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், இந்த முறைக்கு அது தேவையில்லை.

துருவத்தையே பார்த்து அலைன் செய்யும் முறைகளை இங்கே மறந்துவிடுங்கள். அடிவானத்தை ஒட்டி வளிமண்டல ஒளிவிலகல் மட்டும் 20 வில்நிமிடத்துக்கு மேல். வடக்கே திறந்த கடற்கரை கிடைத்தாலும் பிழை அப்படியே இருக்கும்.

#3 உலர்பெட்டி

40 நிமிடக் கேள்விக்கு என் பதில், ஈரம்தான். இங்கே ராத்திரி வெப்பநிலை 2, 3 பாகைக்கு மேல இறங்காது, அதனால ஃபோகஸ் மெதுவாத்தான் நகரும். ஃபோகஸ் போச்சுன்னா எல்லா விண்மீனும் ஒரே மாதிரி பருக்கும். ஈரம்னா பிரகாசமான விண்மீனைச் சுத்தி மட்டும் முதல்ல பால் மாதிரி வட்டம் வரும், அப்புறம் மங்கலான விண்மீன்கள் காணாமப் போகும். ஒவ்வொரு சப்பிலும் விண்மீன் எண்ணிக்கையைப் பாருங்க. சீராக் குறைஞ்சுக்கிட்டே வந்தா லென்ஸ்ல நீர் படியுதுன்னு அர்த்தம்.

காரணம் எளிமையானது. நம்ம ஊர் ராத்திரிக் காற்றுல ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கு மேல போகும். பனிநிலைக்கும் (ஈரம் நீரா மாறுற வெப்பநிலை) காற்றோட வெப்பத்துக்கும் இடையில 1, 2 பாகைதான். வானத்தைப் பார்த்த கண்ணாடி தன் சூட்டை மேலே விட்டுட்டுக் காற்றைவிடக் குளிரும். அந்த 2 பாகை போனதும் நீர் படியும். லென்ஸுக்கு முன்னால நீளுற பனிக்குடையை முழுசா நீட்டினா கொஞ்ச நேரம் தாங்கும், அவ்வளவுதான். சூடேற்றும் பட்டை கட்டாயம். பட்டையை லென்ஸ் இருக்கிற உலோக வளையத்துமேல சுத்துங்க, பனிக்குடைமேல சுத்தினா பலன் இல்லை. தொடக்கத்திலேயே போட்டுடுங்க. நீர் படிஞ்ச பிறகு உலர வைக்க ரொம்ப நேரம் ஆகும். முழுச் சூடும் கொடுக்காதீங்க. காற்றைவிட 2, 3 பாகை அதிகம் போதும், அதுக்கு மேல போனா குழாய்க்குள்ள காற்று அலையும், விண்மீன் பருக்கும்.

மவுண்ட் விண்மீனைச் சரியாத் தொடருதான்னு பார்க்கிற சின்னக் கைடு ஸ்கோப்புக்கும் ஒரு பட்டை வேணும். கைடு விண்மீன் "தொலைந்தது"னு பாதி ராத்திரியில வர்ற எச்சரிக்கைக்குப் பல நேரம் இதுதான் காரணம்.

ஏர்கான் அறையில வைச்சிருந்த தொலைநோக்கியை நேரே வெளியே கொண்டுபோகாதீங்க. 24 பாகைக் கண்ணாடி வெளிக்காற்றுல பட்ட உடனே முழுக்க வேர்க்கும், ரெண்டு லென்ஸுக்கு நடுவிலயும் ஈரம் போகும். அங்கே பூஞ்சை வந்தா வீட்டுல துடைக்க முடியாது. ஏர்கான் இல்லாத அறையில, 40 முதல் 45 விழுக்காடு ஈரப்பதத்துல உலர்பெட்டி வைங்க. படம் எடுத்து முடிஞ்சதும் ஈரத்தோட மூடாதீங்க. உலர்ந்த பிறகு பெட்டிக்குள்ள.

கேமராவோட குளிர்ச்சி பத்தி. 533 மாதிரிக் கேமராக்கள் சுற்றுவெப்பத்தைவிட 35 பாகைதான் கீழே போகும். இங்கே ராத்திரி 28 பாகைன்னா எல்லை மைனஸ் 7. மைனஸ் 10ன்னு வைச்சா முழுச் சக்தியில திணறும், வெப்பநிலை நிலைக்காது, டார்க் (மூடி போட்டு எடுக்கிற இருட்டுப் படம்) பொருந்தாது. 0 பாகையில வைங்க. நம்ம வான வெளிச்சத்துக்கு முன்னால அந்தச் சென்சரோட இருள் மின்னோட்டம் (ஒளியே இல்லாம வர்ற சிக்னல்) கணக்கிலேயே வராது. படத்தோட நடுவுல மட்டும் மங்கலான வட்டம் வந்தா அது முன் லென்ஸ் இல்லை, சென்சர் அறைக்குள்ள ஈரம். உலர்த்தி மாத்திரைகளைக் காயவைச்சுப் போடுங்க, குளிர்ச்சியை 5 நிமிஷத்துல படிப்படியா இறக்குங்க.

#4 அயனி

வெளிச்சத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எதைப் பிடிக்கிறோம் என்று புரிந்தால் ஃபில்டர் ஏன் வேலை செய்கிறது என்பதும் புரிந்துவிடும்.

இந்த நெபுலாக்களில் புதிதாய்ப் பிறந்த மிக வெப்பமான விண்மீன்கள் புற ஊதாக் கதிரை வீசுகின்றன. 91.2 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளம், அதாவது 13.6 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட ஆற்றல், ஹைட்ரஜனின் எலக்ட்ரானைப் பிய்த்துவிடும். அது மறுபடி வந்து சேரும்போது வெளிவரும் சிவப்புதான் 656.3 நானோமீட்டர் எச்-ஆல்ஃபா. ஆக்சிஜன் இரண்டாவது எலக்ட்ரானை இழக்க 35.1 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். ஆகவே 500.7 நானோமீட்டர் நீலப்பச்சை, வெப்பமான விண்மீனுக்கு அருகில்தான் பலமாக இருக்கும். கந்தகத்துக்கு 10.4 போதும். அதன் 671.6, 673.1 கோடுகள், கதிர் முட்டி நிற்கும் முகில் விளிம்புகளில் தெரியும். ஓரியனில் நடுவே பச்சையும் வெளியே சிவப்பும் வருவது இதனால்தான். நிறத்தைப் பார்த்தே எந்த விண்மீன் எதைச் சுடுகிறது என்று படிக்கலாம். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

அதாவது நெபுலாவின் ஒளி சில மெல்லிய கோடுகளில் குவிந்திருக்கிறது. கார் நிறுத்தத்தின் வெள்ளை எல்இடி ஒளியோ 400 முதல் 700 வரை பரவிக் கிடக்கிறது. 7 நானோமீட்டர் பட்டை இரண்டு என்றால் 300ல் 14 மட்டுமே திறப்பு. வான வெளிச்சம் சுமார் 20ல் ஒரு பங்காகிவிடும், நெபுலாவின் ஒளி பெரும்பாலும் அப்படியே வரும். 3 நானோமீட்டர் ஃபில்டரில் 50ல் ஒரு பங்கு. பழைய வகை ஒளிமாசு ஃபில்டர்கள் சோடியம் விளக்குக்காகச் செய்யப்பட்டவை, எல்இடிக்கு எதிராக அவை அதிகம் உதவாது.

ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒளி சாய்ந்து விழுந்தால் ஃபில்டரின் பட்டை நீலப்பக்கம் நகரும். உங்கள் எஃப்/4.8 குழாயில் (குவியத்தூரம் விட்டத்தைப் போல் 4.8 மடங்கு) ஓரக் கதிர்களுக்கு இது 1 நானோமீட்டருக்கும் குறைவு, பயமில்லை. எஃப்/2 குழாயில் 4, 5 நானோமீட்டர் நகரும். அதற்கென்றே செய்த ஃபில்டர் இல்லாமல் 3 நானோமீட்டரை அங்கே போட்டால் நெபுலாவே வெளியே போய்விடும்.

எந்த மாதம் என்பதற்கு: வடகிழக்குப் பருவமழையின் வறண்ட கட்டமான பிப்ரவரிதான் சிறந்தது. பிப்ரவரி 10 வாக்கில் ஓரியன் நெபுலா இரவு 9.20க்கு உச்சியில், 83 பாகை உயரத்தில் இருக்கும். அன்றிரவு 11.35க்கு மேல் கரீனா 20 பாகையைத் தாண்டும். ஒரே இரவில் இரண்டையும் எடுக்கலாம்.

கரீனா வான நடுவரைக்கு 60 பாகை தெற்கே (மைனஸ் 60) இருப்பதால் நமக்கு அதிகபட்சம் 29 பாகைதான் உயரும். 20 பாகைக்கு மேல் ஏறக்குறைய 6 மணி நேரம் கிடைக்கும். ஏப்ரல் நடுவில் இரவு 10.20க்கே உச்சம், ஆனால் அது மாலை இடிமழைக் காலம். தெற்கே அகத்திய விண்மீனைப் பிடித்துக்கொண்டு கிழக்கே வந்தால் இடம் கிடைத்துவிடும். சுமார் 7,500 ஒளியாண்டு தூரம், ஓரியனைவிட ஐந்து மடங்குக்கு மேல். அப்படியும் வானில் 2 பாகை அகலம் விரிந்திருக்கிறது என்றால் அதன் பிரமாண்டத்தை யோசித்துப் பாருங்கள். 2022 ஜூலையில் ஜேம்ஸ் வெப் வெளியிட்ட முதல் படங்களில் இருந்த பாறைச்சரிவு போன்ற முகில், இதன் வடமேற்கு ஓரத்து என்ஜிசி 3324தான். உங்கள் சட்டகத்தின் விளிம்பில் அதுவும் விழ வாய்ப்புண்டு.

ஜூலையில் தனுசு ராசியில் எம்8 நெபுலா. 20ஆம் தேதி வாக்கில் இரவு 11.15க்கு 64 பாகை உயரம். அதற்கு மேலே எம்16, எம்17. புகைமூட்டம் இல்லாத ஆண்டாக இருக்க வேண்டும்.

#5 மெர்சிங் பக்கம்

அயனி சொன்னது பாதிதான் சரி. ஃபில்டர் எல்லாவற்றையும் மீட்காது. ஓரியனைச் சுற்றியிருக்கும் தூசு, பக்கத்து என்ஜிசி 1977, மேலே இருக்கும் எம்78 ஆகியவற்றில் விண்மீன் ஒளி தூசில் பட்டுத் திரும்புகிறது. அது தொடர்நிறமாலை, எல்லா நிறமும் கலந்தது. இரட்டைப் பட்டை ஃபில்டர் வான வெளிச்சத்தை வெட்டுவது போலவே இதையும் வெட்டும். விண்மீன் பிறப்பதே அந்தத் தூசுக்குள்தான். அதை விட்டுவிட்டு வெறும் வாயுவைக் காட்டினால் பாதிக் கதைதான் கிடைக்கிறது.

கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர வில்விநாடிக்கு 18 மேக்னிட்யூட் (எண் கூடினால் வானம் இருண்டது) வானத்துக்கும் 21.5 வானத்துக்கும் வித்தியாசம் 25 மடங்கு. இருண்ட இடத்தில் 1 மணி நேரத்தில் கிடைக்கும் தூசு, இங்கே 25 மணி நேரம் கேட்கும். 2016ல் வந்த செயற்கை வானொளி உலக வரைபடத்தில் சிங்கப்பூரில்தான் நிலைமை ஆக மோசம். மக்கள் அனைவருமே கண் இருளுக்கு முழுதாய்ப் பழக முடியாத வானத்தின் கீழ் வாழ்கிறார்கள் என்று அதில் இருக்கிறது. தூசுக்கு ஜொகூர் கிழக்குக் கரைக்குப் போங்கள்.

#6 அயனி

தூசு விஷயத்தில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன், நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். எம்78ஐ இங்கிருந்து யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் கரீனா, எம்8, எம்16, ரோசெட் எல்லாம் வாயுவின் ஒளியால் ஆனவை. கரீனாவில் தெரியும் தூசும் கறுப்பு நிழலாக, பின்னணி எச்-ஆல்ஃபாவை மறைத்துத்தான் தெரிகிறது. சாவித்துளை போன்ற பகுதியும் சின்னச் சின்ன உருண்டைகளும் அப்படித்தான். அவற்றை ஃபில்டர் இன்னும் தெளிவாகக் காட்டும். தொடங்குபவருக்கு என் தேர்வு கரீனா.

#7 தெம்பனிஸ் ஜன்னல்

குறுக்கே ஒரு கேள்வி. ஈக்குவடோரியல் மவுண்ட் இல்லாமல், 250 மி.மீ. குவியத்தூரமுள்ள சிறிய ஸ்மார்ட் தொலைநோக்கியில் எடுத்தால் ஓரியனின் ஓர விண்மீன்கள் வளைகின்றன. கரீனா சரியாக வருகிறது. உயரமாக இருப்பதுதானே நன்றாக வர வேண்டும்?

#8 கோணமானி

அது உச்சியால் வரும் சிக்கல். உயரம், திசை என்று இரண்டு அச்சில் நகரும் கருவியில் படம் சுழலும். சுழலும் வேகம், திசைக்கோணத்தின் கொசைனை உயரத்தின் கொசைனால் வகுத்து, 15 பாகையால் பெருக்கினால் கிடைக்கும், ஒரு மணி நேரத்துக்கு. ஓரியன் 83 பாகையில் இருக்கும்போது இது 120 பாகைக்கு மேல். 10 விநாடியில் 0.35 பாகை. மையத்திலிருந்து 960 பிக்சல் தள்ளியுள்ள விண்மீன் 6 பிக்சல் இழுபடும்.

ஆனால் நமக்கு ஒரு சலுகை இருக்கிறது, அக்கா. வான நடுவரையை ஒட்டிய பொருள்கள் இங்கே நேர் கிழக்கே ஏறி நேர் மேற்கே இறங்கும். ஓரியன் மேற்கே 60 பாகைக்கு வரும்போது, பிப்ரவரி 10ல் அது இரவு 11.20, சுழற்சி மணிக்கு 7 பாகைக்கும் குறைவு. அதே 10 விநாடியில் ஓரத்தில் 0.3 பிக்சல். ஆகவே உச்சியைத் தாண்டி இரண்டு மணி நேரம் கழித்து எடுங்கள். கரீனாவுக்கு உச்சத்தில் மணிக்கு 17 பாகை, 20 விநாடி வரை தாங்கும்.

ஈக்குவடோரியல் நிலையில் ஆப்பு வைத்துச் சாய்க்கலாமா என்று கேட்பீர்கள். இங்கே அடித்தளத்தை 88.65 பாகை சாய்க்க வேண்டும், கருவி ஏறக்குறைய படுத்துவிடும். கனமான முக்காலி இல்லாமல் முயல வேண்டாம்.

#9 பிக்சல் கணக்கு

சப் நீளத்துக்கு ஊர்ப்பெயர் தேவையில்லை, அளந்து பாருங்கள். 533ஐ கெயின் (சிக்னல் பெருக்கம்) 100ல் வைத்தால் படிப்புச் சத்தம் (சென்சரைப் படிக்கும்போது சேரும் பிழை) சுமார் 1.5 எலக்ட்ரான். வான வெளிச்சம் அதன் வர்க்கத்தைப் போல் 10 மடங்கு, அதாவது 23 எலக்ட்ரான் சேர்ந்தால் போதும். அந்தக் கெயினில் 16 பிட் கோப்பில் 4 எண் ஒரு எலக்ட்ரானுக்குச் சமம். ஆகவே 60 விநாடி சப் ஒன்று எடுத்து, அதன் மீடியனிலிருந்து (நடுமதிப்பு) பயஸின், அதாவது மூடி போட்டு எடுத்த மிகக் குறுகிய படத்தின், மீடியனைக் கழியுங்கள். 90க்கு மேல் வந்தால் 60 விநாடியே போதும். 45 வந்தால் 120 விநாடி. அதற்கு மேல் நீட்டுவதில் லாபமில்லை, விமானமும் காற்றும் ஒரு சப்பைக் கெடுத்தால் நஷ்டம்தான் அதிகம்.

ஓரியனின் நடுவே டிரபீசியம் விண்மீன் கூட்டம் 60 விநாடியில் வெந்துவிடும். 5 விநாடியில் 40, 15 விநாடியில் 40 என்று தனியாக எடுத்து வையுங்கள். மொத்தம், கரீனாவுக்கு 4 மணி நேரத்தில் நல்ல படம் வரும், ஆக்சிஜனுக்கு 6 வேண்டும்.

அளவு: 206.265ஐ 3.76 மைக்ரானால் பெருக்கி 345.6 மி.மீ.யால் வகுத்தால் ஒரு பிக்சலுக்கு 2.24 வில்விநாடி, சட்டகம் 1.87 பாகை. ரிட்யூசர் இல்லாவிட்டால் 1.5 பாகைதான். ரிட்யூசரைக் கழற்றாதீர்கள்.

பின்தூரம் (ரிட்யூசரிலிருந்து சென்சர் வரை) 55 மி.மீ. என்றால் ஃபில்டரின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். 2 மி.மீ. ஃபில்டருக்கு 55.7. மூலை விண்மீன்கள் மையத்தை நோக்கி நீண்டால் பெரும்பாலும் சென்சர் மிகக் கிட்டே இருக்கிறது. மையத்தைச் சுற்றி வளைந்தால் மிகத் தள்ளி.

ஃபிளாட் (சீரான ஒளியில் எடுக்கும் திருத்தப் படம்) ஒவ்வொரு இரவும் எடுங்கள், கேமராவைத் திருப்புவதற்கு முன். மேல்தள விளக்கு பனிக்குடைக்குள் சாய்வாக விழுந்தால் அது எந்த ஃபிளாட்டிலும் போகாது. குடையின் முன்னே கறுப்பு ஃபோம் சுற்றி இன்னும் ஒரு சாண் நீட்டுங்கள்.

#10 செங்காங் மேல்தளம்

எல்லாருக்கும் நன்றி. தெற்குக் காலைத் திருப்பி வைத்ததில் தண்டு இடிக்கவில்லை, அலைன்மென்ட் 1.5 வில்நிமிடம். பட்டை போட்ட பின் ஒளிவட்டம் இல்லை. மீடியன் வித்தியாசம் 60 விநாடியில் 52 வந்தது, 120 விநாடி வைத்தேன்.

இப்போது இரண்டு பிரச்சினை. ஸ்டாக் செய்து (சப்களை ஒன்றுசேர்த்து) ஸ்ட்ரெச் செய்தால் (மங்கலை வெளிச்சமாக்கினால்) பின்னணியில் சாய்வான கோடுகள், மழை பெய்வது போல. இன்னொன்று, 135 மி.மீ. லென்ஸில் ஓரியன் வாளை (நெபுலா இருக்கும் பகுதி) மேலே உள்ள மூன்று விண்மீன் இடைப்பட்டையோடு சேர்த்து எடுத்தால், பட்டையின் மேல் விண்மீன் அருகே கிழக்கு மேற்காக நேர்க்கோடுகள் ஒவ்வொரு சப்பிலும்.

#11 பிக்சல் கணக்கு

சாய்வுக் கோடுகள் சென்சரின் நிலையான சத்தம். சட்டகம் ஒரே திசையில் மெதுவாக நகர்வதால் அது இழுபட்டுக் கோடாகிறது. டார்க் எடுத்தாலும் முழுக்கப் போகாது. டிதரிங் (சப்களுக்கு நடுவே சட்டகத்தைச் சற்று நகர்த்துவது) போடுங்கள், இரண்டு சப்புக்கு ஒருமுறை, முதன்மைக் கேமராவில் 10 பிக்சல். உங்களுக்கு அது 22 வில்விநாடி. கைடு கேமராவின் அளவு 6.45 வில்விநாடி என்றால் மென்பொருளில் 3.5 பிக்சல் என்று கொடுக்க வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள், கைடு பிக்சலில் 1 என்று விட்டுவிடுகிறார்கள். கைடிங் காலிப்ரேஷனைக் கரீனாவில் செய்யாதீர்கள். நடுவரை அருகே, உச்சியிலிருந்து சற்று மேற்கே செய்துவிட்டுத் தெற்கே போங்கள்.

#12 அயனி

அந்த நேர்க்கோடுகள் புவிநிலைச் செயற்கைக்கோள்கள். சிங்கப்பூரிலிருந்து பார்க்கும்போது அந்த வளையம் வான நடுவரைக்கு கால் பாகை தெற்கே ஓடுகிறது. பட்டையின் மேல் விண்மீன் மின்டாகா மைனஸ் 0.3 பாகை, ஏறக்குறைய அதே கோடு. செயற்கைக்கோள் நிற்கிறது, நீங்கள் விண்மீனைத் தொடர்கிறீர்கள். 120 விநாடியில் அது 30 வில்நிமிடக் கோடாக விழும். 30 சப்புக்கு மேல் இருந்தால் ஸ்டாக்கிங்கில் சிக்மா நீக்கம் (மற்ற சப்களோடு ஒத்துவராத பிக்சலைத் தள்ளுவது) துடைத்துவிடும். டிதரிங் மட்டும் போதாது, சப் எண்ணிக்கை வேண்டும்.

சிரில் மென்பொருளில் எச்-ஆல்ஃபா, ஓ-3 (500.7 ஆக்சிஜன் ஒளி) இரண்டையும் பிரிக்கும் தயார் ஸ்கிரிப்ட் இருக்கிறது. பிரித்ததும் இரண்டிலும் பின்னணிச் சரிவைத் தனித்தனியே நீக்குங்கள். கரீனா தாழ்வாக இருப்பதால் கீழ்ப்பக்கம் வெளிச்சம் அதிகம் ஏறியிருக்கும், இரண்டு நிறத்திலும் ஒரே அளவாய் இருக்காது. அதன் பிறகு சிவப்புக்கு எச்-ஆல்ஃபா, பச்சைக்கும் நீலத்துக்கும் ஓ-3. சேர்ப்பதற்கு முன் ஓ-3ஐ எச்-ஆல்ஃபாவின் அளவுக்கு நேர்ப்பொருத்தம் செய்யுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் சிவப்பாகவே வரும். விண்மீன் நிறத்துக்கு ஃபில்டரைக் கழற்றி 10 விநாடியில் 100 சப் போதும். மறுபடி ஃபோகஸ் செய்துகொள்ளுங்கள், ஃபில்டர் போனால் குவியம் நகரும்.

#13 செங்காங் மேல்தளம்

ஃபில்டரைக் கழற்றினால் அதற்கும் தனி ஃபிளாட் வேண்டுமா?

#14 பிக்சல் கணக்கு

வேண்டும். ஃபில்டரில் உள்ள தூசின் நிழல் அதோடு போய்விடும், பழைய ஃபிளாட் இல்லாத நிழலைத் திருத்தி வெள்ளை வளையம் போடும். டார்க்கும் 10 விநாடிக்குத் தனியாக, அதே 0 பாகை, அதே கெயின்.